பெட்டி பேசாத நாலு மணி

ஜூலை 19, சனி

புது நோட்டு! போன்ல எழுதுனா எவனாவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்துருவான். அதான் பேனா.

யாராவது எடுத்துப் படிச்சா தெரிஞ்சுக்கோங்க: நான் ரெனிட்டா. வயசு பத்தொம்பது. ஊரு தூத்துக்குடி. கடலனோட வெறி பிடிச்ச ரசிகை. கடலன் யாருன்னு கேக்குத ஆளா இருந்தா இப்பவே நோட்ட மூடிட்டுப் போயிருங்க. தனியா ஒரு ரூமுக்குள்ள உக்காந்து அவனே எழுதி, அவனே பாடி, அவனே நெட்ல போடுத ஆளு. எங்க குரூப்பு பேரு அலைப்படை. நானூத்திப் பன்னெண்டு பேரு! அட்மின் தென்றலக்கா. அக்கா மூஞ்ச எவளும் பாத்ததில்ல, டிபில ஒரு பூன தான் இருக்கும். ஆனா அந்த வாய்ஸ் நோட்ட கேட்டா வயித்துவலி கூட நின்னுரும்.

எங்க கட அமலி மக்ரூன்ஸ். அம்மா பேரு அமலோற்பவம், அதான் அமலி. அப்பா தோணில மாலத்தீவுக்குப் போயிருக்காவ, வர செப்டம்பர் ஆவும். அம்மா முந்திரியும் முட்ட வெள்ளக்கருவும் சேத்து மக்ரூன் போடுவா. பேங்க் ஆப்பு, ஆர்டரு, ரீல்ஸ் எல்லாம் என் டிபார்ட்மெண்டு. ஏன்னா அம்மாகிட்ட இருக்கது பட்டன் போனு.

கல்லாப் பக்கத்துல பணம் வந்தா சத்தமா சொல்லுத பெட்டி இருக்குல்லா, அதுக்கு அம்மா வச்ச பேரு "பெட்டிக்காரி". "பெட்டிக்காரி சொல்லிட்டாளாட்டி?"ன்னு கேட்டுட்டு தான் பொட்டலத்த கையில குடுப்பா.

இன்னொரு கூத்து. அம்மா எந்தக் கணக்கையும் சைபர்ல முடிக்க மாட்டா. மொய் எழுதுத மாதிரி ஒத்த ரூபா சேத்து தான் வாங்குவா. நூறுன்னா நூத்தியொண்ணு. "என்னக்கா, மக்ரூன் விக்கியளா, மொய் வாங்குதியளா?"ன்னு ஒரு ஆள் கேட்டதுக்கு "ஒத்த ரூபாய்க்கு இவ்வளவு பேசுதீயரே, உமக்கு ரெண்டு ரூபா"ன்னுட்டா.

குரூப்புல இன்னைக்கு தென்றலக்கா "நம்ம வீட்டுக் கட"ன்னு ஒண்ணு ஆரம்பிச்சா. யாரு வீட்ல சின்னக் கட இருக்கோ போர்டு போட்டோ போடணும், எல்லாரும் சப்போர்ட் பண்ணணும். நான் போர்டு, பெட்டிக்காரி பேசுத வீடியோ, எல்லாம் போட்டேன். அக்காவுக்குத் தனியா அந்த ஒத்த ரூபா கதையவும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா.

ஒரு கெட்ட விசயமும் எழுதிருதேன். கட ஓனர் டேவிட்சன் அண்ணாச்சி வந்தாவ. ஆகஸ்ட் ஆறாந்தேதிக்குள்ள அட்வான்ஸ் எம்பதாயிரம் கூடக் குடுக்கணுமாம். இல்லன்னா செல்போன் கடக்காரனுக்கு விட்ருவாவளாம். பேங்க்ல எம்பத்தி மூணு இருக்கு. "குடுத்துருவோம்"ன்னு அம்மா சொன்னா.

ஜூலை 22, செவ்வாய்

அய்யோ அய்யோ அய்யோ!!!

கடலனோட மேனேஜர் எனக்கு மெசேஜ் போட்ருக்காரு! எனக்கு! பேரு ரோஷன். மதுரை ஷோவுக்கு வார கெஸ்டுக்கெல்லாம் குடுக்க முன்னூறு பாக்கெட் மக்ரூன் வேணுமாம். கடலனே "தூத்துக்குடி மக்ரூன் தான் வேணும்"ன்னு சொன்னானாம்!

பாக்கெட் நூத்தியெம்பதுன்னு சொன்னேன். பேரமே பேசல. "மொத்தம் அம்பத்தி நாலாயிரத்து ஒண்ணு. அம்மாவுக்கு அந்த ஒத்த ரூபாய விட்ரக் கூடாதுல்ல"ன்னு எழுதுனாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு. எங்க கடையப் பத்தி எவ்வளவு விசாரிச்சிருக்காங்க பாரு!

பாதி அட்வான்ஸ், இருபத்தி ஏழாயிரத்து ஒண்ணு, வியாழக்கெழம அனுப்புவாராம். அது வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதாம். தென்றலக்காகிட்ட மட்டும் சொன்னேன். "எனக்கு அப்பவே தோணுச்சுடா செல்லம், உனக்கு ஏதோ நல்லது வரப் போவுதுன்னு"ன்னா.

புது ஆர்டருன்னா ஆளு நேர்ல வந்து ஒரு துண்டு வாயில போடணும், பெட்டிக்காரி பேசணும், அப்பதான் அம்மா சீனிய தொடுவா. "எவன் அவன், மூஞ்சியும் தெரியாம முன்னூறு கேக்கான்?"ன்னா. கடலன் ஆளு பொய் சொல்லுவாவளாம்மான்னு கத்துனேன்.

ஜூலை 23, புதன்

அம்மா பதினஞ்சு கிலோ முந்திரி கடனுக்கு வாங்கிட்டா. எனக்காக.

ஜூலை 24, வியாழன்

நாலு மணிக்கு கடலனோட புது ஆல்பம் வந்துட்டு. நல்லாருக்கு.

ஆறு மணி:

சரி, எழுதிருதேன். நாலே காலுக்கு பேங்க் மெசேஜ் வந்துச்சு, எழுபத்தி ரெண்டாயிரத்து ஒண்ணு வரவுன்னு. உடனே ரோஷன் சார் கூப்பிட்டாரு. அழாத குற தான். "மேடம், இருபத்தேழுன்னு அடிக்கதுக்குப் பதிலா எழுபத்தி ரெண்டுன்னு திருப்பி அடிச்சிட்டேன். நாலரைக்குள்ள ஆபீஸ்ல கணக்கு முடிக்கணும். என் வேல போயிரும். மிச்ச நாப்பத்தி அஞ்ச மட்டும் அனுப்பிருங்க மேடம், ப்ளீஸ்." பாவமா இருந்துச்சு. அனுப்பிட்டேன்.

இப்ப ஆப்ப தொறந்து பாத்தா முப்பத்தி எட்டாயிரம் தான் இருக்கு. எழுபத்தி ரெண்டு வரவே இல்ல. அந்த மெசேஜ் பேங்க் நம்பர்ல இருந்தே வரல, ஏதோ பத்து எண் செல்போன் நம்பரு.

பெட்டிக்காரியும் அன்னேரம் பேசல. நெட்வொர்க் இல்ல போல. அதான் ஏமாந்துட்டேன். நெட்வொர்க் தான்.

ரோஷன் சார் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

ஜூலை 25, வெள்ளி

சோறு எறங்கல. அம்மா கேட்டா, வயித்துவலின்னேன்.

பணத்த ஏமாத்திட்டா 1930க்கு உடனே கூப்பிடணும்னு எனக்குத் தெரியும். போன மாசம் நானே அதுக்கு ரீல் போட்டேன்! "பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம் மக்களே"ன்னு கண்ணாடி போட்டுட்டு பேசுனேன், நாலாயிரம் பேரு பாத்தாங்க. இன்னைக்கு அந்த நாலு நம்பர மூணு தடவ அடிச்சு மூணு தடவ அழிச்சேன். கூப்பிட்டா போலீசு வீட்டுக்கு வரும். வந்தா அம்மாவுக்குத் தெரியும்.

தென்றலக்காகிட்ட சொல்லி அழுதேன். ஒரு மணி நேரம் பேசுனா. "போலீசுக்கு மட்டும் போயிராத செல்லம். உங்க அக்கவுண்ட முடக்கிருவாங்க, மிச்ச முப்பத்தி எட்டும் போயிரும். அம்மாகிட்ட இப்ப சொல்லாத, தாங்க மாட்டாங்க. எனக்கு ரீஃபண்ட் செல்லுல ஒரு ஆபீசர தெரியும், நான் பேசுறேன்." அக்கா மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்!

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோயில் கொடியேத்தம். ரோடு பூரா சனம். அம்மா கடையில ஆள் நிக்க எடமில்ல. நான் எல்லாருக்கும் சில்லற மாத்திக் குடுத்து சிரிச்சிக்கிட்டே இருந்தேன். யாரு போன் அடிச்சாலும் திரும்பிப் பாக்கேன்.

அம்மா முட்ட வெள்ளக்கருவ அடிச்சுக்கிட்டே, "ஏட்டி, அந்த மதுர ஆர்டருக்கு எப்ப அடுக்கணும்? அட்வான்ஸ் வந்துட்டுன்னு தான சொன்ன?"ன்னு கேட்டா.

ஆமான்னேன்.

ஆமான்னு தான் சொன்னேன்.

ஜூலை 27, ஞாயிறு

எழுத்து கோணலா வருது.

பூசைக்குப் பொறவு ரீஃபண்ட் ஆபீசர் கூப்பிட்டாரு. நான் சீனி மூட்ட பக்கத்துல குத்த வச்சு பேசுனேன். மெட்ராஸ் பேச்சு, நல்ல மரியாத. "உங்க நாப்பத்தஞ்சாயிரம் சேஃபா இருக்கு மேடம். ஹோல்டுல வச்சிருக்கோம். ஆறாயிரத்து ஒண்ணு பிராசஸிங் கட்டுனா இன்னைக்கே ரிலீஸ்." ஆப்ப தொறந்துட்டேன். நம்பரும் அடிச்சிட்டேன்.

சும்மா தான் கேட்டேன், ஏன் சார் தனியா கட்டணும்னு.

"நீங்க அன்னைக்கு நாலு மணிக்கு சவுண்ட் பாக்ஸ ஆஃப் பண்ணி வச்சிருந்தீங்க இல்ல மேடம், அதனால கேஸ் கொஞ்சம் சிக்கல்"ன்னாரு.

நான் போன கட் பண்ணிட்டேன்.

நெட்வொர்க்னு தான நான் எழுதியிருக்கேன்? மேல பாரு, ரெண்டு தடவ எழுதியிருக்கேன். இந்த நோட்டுக்கே நான் சொல்லாதது அந்தாளுக்கு எப்படித் தெரியும்?

இப்ப உள்ளத எழுதுதேன். வியாழக்கெழம ஆல்பத்த எல்லாரும் ஒரே நேரத்துல கேக்கணும்னு தென்றலக்கா நாலு மணிக்கு குரூப் கால் போட்டா. மூணு அம்பதுக்கு எல்லாரும் வந்துட்டோம். எங்க கடையில பெட்டிக்காரி "அறுபத்தியொரு ரூபாய் பெறப்பட்டது"ன்னு கத்துனா. அக்கா சிரிச்சா. "ரெனி செல்லம், அந்தம்மா வாய கொஞ்சம் அடைச்சு வையேன், பாட்டு கெட்டுரும்"ன்னா. நான் சுச்ச அமத்துனேன். அம்மா அப்ப முட்ட வாங்கப் போயிருந்தா.

நான் அமத்துனது அந்தக் கால்ல இருந்தவங்களுக்கு மட்டும் தான் தெரியும்.

அதுலயும் அந்த ஒத்த ரூபா கதை அக்கா ஒருத்திக்குத் தான் தெரியும்.



ஜூலை 28, திங்கள்

சொல்லிட்டேன்.

காலையில அம்மா தட்டுல மக்ரூன கூர் கூரா புழிஞ்சு வச்சிக்கிட்டு இருந்தா. எம்மா, பணம் போயிட்டும்மான்னேன். எவ்வளவுன்னு கேட்டா. சொன்னேன். கையில இருந்த புழியுத பை அப்படியே இருக்கு. ஒரு வரிச முடிச்சா. அடுத்த வரிசயும் முடிச்சா. திட்டுவான்னு பாத்தா திட்டல, அது இன்னும் பயமா இருந்துச்சு.

பொறவு ஒண்ணே ஒண்ணு தான் கேட்டா. "பெட்டிக்காரி பேசலியாட்டி?"

நான் அமத்திட்டேம்மா.

"எதுக்கு?"

பாட்டு கேக்க.

முதுகுல ஒண்ணு வச்சா. அப்புறம் அவளே அடுப்ப கொறச்சிட்டு, முந்தானையில கைய தொடச்சிட்டு, "நீ ரீல்ல சொன்ன அந்த நம்பர போடு, நான் பேசுதேன்"ன்னா. 1930. பேசுனது அம்மா இல்ல, நான் தான். அம்மா என் தோள புடிச்சிக்கிட்டு நின்னா.

ஜூலை 29, செவ்வாய்

கட ஷட்டர போட்டுட்டு சைபர் கிரைம் ஆபீசுக்குப் போனோம். எஸ்.ஐ. ஒரு மேடம். எல்லாத்தையும் காட்டுனேன், பொய் மெசேஜ், சாட்டு, ரோஷன் நம்பர், தென்றலோட வாய்ஸ் நோட்டு.

"வியாழக்கெழம நாலரைக்கே கூப்பிட்டிருந்தா பெரும்பாலும் புடிச்சிருக்கலாம்மா. இப்ப மூணு அக்கவுண்டு தாண்டிருச்சு. பதினோராயிரம் மட்டும் நடுவுல நிறுத்தியிருக்கு. அதுவும் கோர்ட்டு உத்தரவு வாங்கித் தான் கைக்கு வரும். நாளாகும்"ன்னாங்க.

எங்க அக்கவுண்ட முடக்கிருவீங்களா மேடம்னு கேட்டேன். "உன்ன ஏமாத்தியிருக்காங்க, உன் அக்கவுண்ட ஏன் முடக்கணும்? யாரு சொன்னா?"

யாரு சொன்னா!

கடைசியா ஒண்ணு சொன்னாங்க. குரூப்ப விட்டு வெளிய வரக் கூடாது. எங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்கது தென்றலுக்குத் தெரியக் கூடாது. குரூப்புல யாரையும் உஷார் படுத்தி மெசேஜ் போடக் கூடாது, நம்பரெல்லாம் அமத்திட்டு ஓடிருவாங்க. "சாதாரணமா இரு."

சாதாரணமா இருக்கணுமாம்.

ஜூலை 31, வியாழன்

தென்றல்கிட்ட இருந்து வாய்ஸ் நோட்டு. "என்னடா செல்லம், அன்னைக்கு ஆபீசர் பேசும்போது கட் ஆயிருச்சாமே? அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

அதே குரலு. அதே செல்லம். கழிவறைக்குள்ள போயி தாப்பா போட்டுட்டு, "இல்லக்கா, சார்ஜ் போயிட்டு. அம்மா கூடவே இருக்கா, அதான் ஆறாயிரம் இன்னும் அனுப்பல"ன்னு அனுப்புனேன். ஒரு சிவப்பு ஹார்ட்டும் போட்டேன். எப்பவும் போடுவேன்லா, போடலன்னா சந்தேகம் வரும்.

அவளுக்கு எங்க கட தெரியும். போர்டு, தெரு, அம்மா மூஞ்சி எல்லாம் நானே குடுத்தது. கடைக்கு எவ பொம்பள புதுசா வந்தாலும் குரல உத்துக் கேக்கேன்.

ஆகஸ்ட் 2, சனி

அந்த முன்னூறு பாக்கெட்டுக்கு வாங்குன முந்திரிய திருவிழாவுல வித்துக்கிட்டு இருக்கோம். அம்மா கோயில் பக்கம் ஒரு மேச போட்டுட்டா. நல்லா ஓடுது.

குரூப்புல கோமுன்னு ஒரு பிள்ள உண்டு, கோவில்பட்டி. அவ அம்மா டெய்லர் கட வச்சிருக்கு. இன்னைக்கு அவ போட்ட ஸ்டேட்டஸ்: "சொல்லக் கூடாது சொல்லக் கூடாது!!! ஆனா எங்கம்மாவுக்கு வாழ்க்கையிலயே பெரிய ஆர்டர்!!! அலைப்படை லவ் யூ!!!"

தென்றல் அதுக்கு ஹார்ட் போட்ருக்கா.

புதன்கெழம நாலு மணிக்கு கடலனோட புது வீடியோ ரிலீசு. அன்னைக்கும் குரூப் கால்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எஸ்.ஐ. மேடம் நம்பருக்கு அடிச்சேன், பந்தோபஸ்துல இருக்காங்களாம். மெசேஜ் போடக் கூடாதுன்னு தான சொன்னாங்க. கோமுகிட்ட சொன்னா அவ நேரா தென்றல்கிட்ட தான் ஓடுவா. நானும் அப்படித் தான ஓடுனேன்.

அம்மாகிட்ட சொன்னேன். "அந்தப் பிள்ளைய விடு. தாய்க்காரி நம்பர் போர்டுல இருக்குமே?"ன்னா. "நம்ம வீட்டுக் கட"ல கோமு போட்ட போட்டோவுல இருந்துச்சு. அம்மா பட்டன் போன்ல இருந்து அடிச்சா. ஸ்பீக்கர்ல கேட்டேன்.

"எக்கா, நான் தூத்துக்குடில இருந்து அமலி பேசுதேன். மக்ரூன் கட. ஒனக்கு பெரிய ஆர்டர் வந்திருக்கா?"

"நீ யாரும்மா? ஒனக்கு எப்படித் தெரியும்?"

"புதங்கெழம நாலு மணிக்கு பணம் கூட வந்துட்டு, திருப்பி அனுப்புன்னு சொல்லுவான். அனுப்பாத."

"ஓஹோ. ஆர்டர நீ தட்டிட்டுப் போகலாம்னு பாக்கியா? தொழில் போட்டியா?"

"நான் மக்ரூன் போடுதவ, நீ ஜாக்கெட் தைக்கவ. நமக்குள்ள என்னட்டி போட்டி?"

"ஏட்டியா? நீதான் திருடி போலுக்கு! போன வையி!"

வச்சிட்டு. அம்மா திரும்ப அடிச்சா. எடுத்ததுமே, மூச்சு விடாம சொன்னா: "திருடின்னே வச்சுக்க. பணம் வந்தா சொல்லுத பெட்டி ஒன் கடையில இருக்குல்லா? ஒம் மவ அத அமத்தச் சொல்லுவா. அமத்த விடாத. பெட்டி பேசாம ஒத்த ரூபா குடுக்காத. அவ்வளவு தான்."

அவங்க கட் பண்ணிட்டாங்க.

இப்ப அந்தம்மா கோமுகிட்ட சொல்லியிருக்கும். கோமு தென்றல்கிட்ட சொல்லியிருப்பா. முடிஞ்சு.

ஆகஸ்ட் 4, திங்கள்

தென்றல் ஆன்லைன்ல இருக்கா. எனக்கு ஒண்ணும் அனுப்பல. அனுப்புனாலும் பயம், அனுப்பலன்னாலும் பயம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தேர் மாதிரி மாதா சொரூபம் ஊர சுத்தி வந்துச்சு. சாமானெல்லாம் வித்து தீந்துட்டு. அம்மா கழுத்துல சங்கிலி இல்ல. கூட்டத்துல அத்துருவானுவன்னு கழட்டி வச்சிருக்கேன்னா. நான் கேக்கவே இல்ல, அவளா தான் சொன்னா.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில டேவிட்சன் அண்ணாச்சி வந்தாவ. அம்மா எம்பதாயிரத்து ஒண்ணு எண்ணி வச்சா. "ஒண்ணு எதுக்கும்மா?"ன்னாவ. "வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, இருக்கட்டும்"ன்னா. கட நிக்குது. சங்கிலி எங்க நிக்குதுன்னு நான் எழுத மாட்டேன்.

மூணு அம்பதுக்கு குரூப் கால். நானும் போகணும், சாதாரணமா இருக்கணும்லா. பெட்டிக்காரி கத்துனா கத்தட்டும்னு சுச்ச தொடல. கோமு சத்தம் கேட்டுச்சு. பின்னாடி தையல் மிஷின் ஓடுது. தென்றல், "கோமு குட்டி, வீட்ல ரொம்ப சத்தம், பாக்ஸயும் கொஞ்சம் ஆஃப் பண்ணிரேன்"ன்னா. அப்புறம் பாட்டு ஆரம்பிச்சிட்டு. கோமு ம்யூட்ல போயிட்டா.

நாலு பத்து. நாலே கால். நாலு இருபது. கடலன் பாடுதான், எனக்கு ஒரு வரி கூட காதுல ஏறல. அம்மா வேல பாக்கேன்னு ஒரே தட்ட நாலு தடவ தொடைக்கா.

நாலு முப்பத்தி அஞ்சு.

"ஒரு ரூபாய் பெறப்பட்டது."

ரெண்டு பேரும் குதிச்சிட்டோம். கடையில ஆளே இல்ல. "ஒத்த ரூபா மட்டும் எவட்டி போட்டது?"ன்னு அம்மா கேக்கா. ஆப்ப பாத்தேன். கோவில்பட்டி டெய்லர் கட நம்பரு.

பட்டன் போன் அடிச்சிட்டு.

"எக்கா, நான் தான், டெய்லர் கட. எழுபத்தி நாலாயிரம் வந்துட்டுன்னு மெசேஜ் வந்துச்சு. மிச்சத்த அனுப்பு அனுப்புன்னு அழுதான். எம் மவளும் கூடச் சேந்து அழுதா. பெட்டி பேசவே இல்ல. நான் குடுக்கல. பெட்டி பேசட்டும், அப்பத் தாரேன்னேன். வாயில வராததெல்லாம் பேசிட்டு வச்சிட்டான். ஒங்க பெட்டி நல்லாருக்கான்னு பாக்கத் தான் ஒங்க போர்டு போட்டோவுல இருந்த நம்பருக்கு ஒத்த ரூபா போட்டேன்."

"நல்லாருக்கு. பேசிட்டா."

"அன்னைக்கு திருடின்னுட்டேன்…"

"அதுக்கு ஒரு ஜாக்கெட்டு தைச்சுக் குடுத்துரு. கூலி நூத்தியொண்ணு தாரேன்."

அஞ்சு மணிக்கு குரூப்ப காணோம். பூனையும் இல்ல. நானூத்திப் பன்னெண்டு பேரும் இல்ல. மேடத்துக்குச் சொன்னேன். உஷார் படுத்துனதுக்குத் திட்டுனாங்க, அப்புறம் கோமு அம்மா நம்பர கேட்டாங்க. புது நம்பர்ல இருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் வந்திருக்கு. யாருன்னு தெரியல. திருப்பி அடிக்கல.

அம்மா பெட்டிக்காரி சத்தத்த முழுசா கூட்டி வச்சிட்டு, சுச்சு மேல டேப்ப சுத்தி சுத்தி ஒட்டுனா.

"இனி இத அமத்துன, கைய ஒடிச்சிருவேன்."

சரிம்மான்னேன்.